கார்டு இருக்கிறது, கைக்காசும் போகிறது: நம் மருத்துவச் செலவு அனுபவங்கள்

பென்னாகரம், ஓய்வுபெற்ற ஹவில்தார்

2006-இல் பென்ஷன் வந்தபோது, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் கார்டுக்கு 1,800 ரூபாய் கட்டினேன். பக்கத்துத் தெருத் தம்பி போன வருடம் ஹவில்தாராகவே ஓய்வுபெற்று வந்தான், அவனுக்கு 30,000 பிடித்தார்கள். ஆயுளுக்கும் ஒரே தடவை, வீட்டுக்காரிக்கும் சேர்த்து. அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் கதை வேறு.

ஐப்பசி மழையில், இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலி. எனக்குத் தெரிந்து கார்டு செல்லும் இதய ஆஸ்பத்திரி சேலத்தில்தான். தர்மபுரி போய்ச் சேரவே முக்கால் மணி நேரம், அதற்கப்புறம் தொப்பூர் கணவாய். லாரி கவிழ்ந்து கிடந்தால் விடியும்வரை அங்கேதான். ஆம்புலன்ஸ் பையன், "ரிஸ்க் எடுக்காதீங்க சார்" என்றான். தர்மபுரியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். கார்டு செல்லும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் இல்லாத இடம். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். பில் 1,92,000. நகைக்கடன் வைத்துக் கட்டினேன்.

பட்டியலில் இல்லாத இடமானால் இரண்டு நாளுக்குள் இசிஹெச்எஸ் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது நினைவிருந்ததால் மறுநாளே மகனை அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து வந்தது 1,21,000. மீதியைக் கேட்டால், சிஜிஹெச்எஸ் என்கிற மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தர முடியாது என்றார்கள். விதி அப்படித்தான், கிளார்க்கைத் திட்டி என்ன பயன்? ஆஸ்பத்திரி அந்த விலைக்கா பில் போடுகிறது? நடுவிலுள்ள 71,000-மும் ஏழு மாத வட்டியும் என் தலையில்.

காவேரிப்பட்டினம், ஓய்வுபெற்ற நாயக்

அண்ணே, உங்களுக்காவது பட்டியலில் இல்லாத இடம். நான் முட்டி மாற்று அறுவைக்கு பாலிகிளினிக்கில் முறையாக ரெஃபரல் சீட்டு வாங்கிக்கொண்டு, பட்டியலில் உள்ள பெங்களூர் ஆஸ்பத்திரிக்கே போனேன். கவுன்ட்டரில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க பில்லெல்லாம் பாக்கி நிக்குது, 60,000 அட்வான்ஸ் கட்டுங்க" என்றார்கள். பட்டியலில் உள்ளவர்கள் நம்மிடம் முன்பணம் கேட்கக் கூடாது. அதைச் சொன்னதும் "பெட் இல்லை" என்று பேச்சை மாற்றினார்கள். சரி என்று திரும்பிவிட்டேன். வேறு ஆஸ்பத்திரிக்குப் புது ரெஃபரல், மறுபடி ஸ்கேன். அறுவைக்கு நான் காசு கட்டவில்லை, உண்மைதான். வாடகைக் கார், டோல், கூட வந்த மச்சானின் கூலி, லாட்ஜ் எல்லாம் சேர்த்து 23,000 ஆயிற்று. இதற்கு எங்கே பில் போடுவது?

பாலக்கோடு, சுபேதார் சாப் மனைவி

அவர் போய் நான்கு வருடமாகிறது. எனக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும். பாலிகிளினிக்கில் இன்சுலின் கிடைக்கிற மாதம் கிடைக்கும், இல்லாத மாதம் சீட்டில் "என்.ஏ.", அதாவது மருந்து இல்லை என்று எழுதிவிடுவார்கள். வெளியில் வாங்கிப் பில் கொடுக்கலாம்தான். 900 ரூபாய் பில்லுக்கு இரண்டு தடவை அலைந்தால் ஒரு முழு நாளும் சாப்பாட்டுச் செலவும் போகிறது. டவுன் பஸ்தான் பெண்களுக்கு இலவசம், நான் ஏறுவது அதுவல்ல.

இப்போது பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வாங்கிக்கொள்கிறேன். 2021-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்தார்களே, அதேதான். தெருவுக்கு வரும் பெண் பிரஷரும் பார்த்துவிட்டு மாத்திரையும் தருகிறாள். சாப் இருந்திருந்தால் "கார்டு இருக்கும்போது அதெல்லாம் எதுக்கு" என்று சண்டை போட்டிருப்பார்.

தர்மபுரி, ஓய்வுபெற்ற நர்சிங் அசிஸ்டென்ட்

ஹவில்தார் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரமாகச் சேர்த்த இடத்தில், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, அவசரமாகத்தான் சேர்த்தது என்று டாக்டர் தரும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் செல்லாது, ஊசி, மருந்து, ரூம் வாடகை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஸ்டென்ட் டப்பாவின் ஸ்டிக்கரையும் தொலைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு கேட்டால் யாரும் தேடித் தர மாட்டார்கள்.

பென்னாகரம், ஓய்வுபெற்ற ஹவில்தார்

அந்தச் சர்டிஃபிகேட்டுக்காகத்தான், தம்பி, நான் மூன்று தடவை தர்மபுரி போனேன். மூன்றாவது தடவை டாக்டர் லீவு.