பிழைமுதலா, வழுவா? எட்டாம் வகுப்புப் பயிற்சித்தாளுக்கு ஒரு சொல்

கோத்தகிரியிலிருந்து:
அன்புடையீர், எட்டாம் வகுப்பு இயற்கணிதப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை நகலெடுக்கப் போகிறது. தலைப்புத்தான் இன்னும் அமையவில்லை. தவறாகத் தீர்க்கப்பட்ட சமன்பாட்டைக் கொடுத்து, எந்த வரியில், ஏன் தவறு நுழைந்தது என்று மாணவரையே சொல்லச் செய்து, அந்த இடத்திலிருந்து திருத்தி எழுத வைக்கும் பயிற்சி இது. 3(அ − 4) = 15 என்பதற்கு அடுத்த வரியில் 3அ − 4 = 15 என்று எழுதிய மாணவன், 4-ஐப் பக்கம் மாற்றும்போது குறியைச் சரியாகவே மாற்றி, 3அ = 19 என்று முடிக்கிறான். அ-வின் அந்த மதிப்பைப் பிரதியிட்டால் இடப்பக்கம் 15-க்குப் பதில் 7 வருவதால், விடை தவறு என்பது தெரிந்துவிடுகிறது. ஆனால் அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற 3, உள்ளே இருந்த 4-ஐப் பெருக்காமல் போனது தெரிவதில்லை. 'பிழை திருத்தம்' என்று தலைப்பிட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் எழுத்துப்பிழையைத் தேடினார்கள்.

குன்னூரிலிருந்து:
'வழுநாடல்' எனலாம். வழு (bug), வழுநீக்கம் (debugging) ஆகியவை கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்குகின்றன. வழு, வழுவுதல், வழுக்குதல் மூன்றும் ஓரினச் சொற்கள். பிழையோ இரண்டுபட்ட சொல். பிழைத்தல் என்றால் தவறுதலும் உண்டு, உயிர் தப்புதலும் உண்டு, அதிலிருந்து பிழைப்பு என்று வயிற்றுப்பாடு வரை நீள்கிறது.

கொடைக்கானலிலிருந்து:
குன்னூர் ஐயா வயிற்றுப்பாட்டுக்குப் போய்விட்டார். நன்னூலார் இதை 'மற்றொன்று விரித்தல்' என்பார். இலக்கணத்தில் வழுவுக்கு வழுவமைதி என்றொரு புகலிடம் உண்டு. பசுவைப் பார்த்து உவப்பினால் 'என் அம்மை வந்தாள்' என்றால் ஏற்றுக்கொள்கிறோம். 3அ − 4-ஐ எந்த உவப்பினால் ஏற்பது? 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளை ஒட்டிப் 'பிழைமுதல் காணல்' என்பதே என் பரிந்துரை. தவறு தொடங்கிய வரியைக் காண்பதுதானே இங்கே வேலை?

குன்னூரிலிருந்து:
அம்மையார் மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 'முதல்' என்றால் தனிவட்டிக் கணக்கில் வரும் அசல்தான் நினைவுக்கு வரும்.

கோத்தகிரியிலிருந்து:
என் வகுப்பில் பலர் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள். 'நாடல்' என்பதை விளக்கவே பாடவேளையில் பாதி போய்விடும். 'காணல்' என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. நேற்று மேற்படி கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது, மழையில் நனைந்த படிக்கட்டில் சற்று முன்புதான் சறுக்கி விழுந்து, பாவாடையில் சேற்றோடு உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி, இரண்டாம் வரியைக் காட்டி, "இங்கதான் சார் வழுக்கிருச்சு" என்றாள். தாளில் 'பிழைமுதல் காணல்' என்று பெரிதாகவும், அதன் கீழே 'எந்த வரியில் வழுக்கியது?' என்று சிறிதாகவும் அச்சிடப் போகிறேன். இனி மாற்ற நேரமில்லை.

குன்னூரிலிருந்து:
அச்சிடுங்கள். அந்த மாணவி சொன்னது வழுவைத்தான் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.