நெர்ஹாவில் ஒரு வருஷம் ரிமோட் வேலை: இந்த வீட்டுக்கு முன்பணம் அனுப்பலாமா?

தெற்குக்காற்று:
வணக்கம். நியூயார்க் கம்பெனி ஒண்ணுல ரிமோட்டா வேலை பார்க்கிறேன். ஸ்பெயின் டிஜிட்டல் நோமாட் விசாவுக்கு, அதாவது அங்க தங்கி வெளிநாட்டுக் கம்பெனிக்கு ரிமோட்டா வேலை பார்க்கற விசாவுக்கு, பேப்பர் சேர்த்துக்கிட்டு இருக்கேன். மாலகாவுக்குக் கிழக்கே இருக்கிற நெர்ஹாதான் மனசுல இருக்கு. ஆன்லைன்ல ஒரு வீடு பார்த்தேன். புரியானா பீச்சுக்கு நடந்தே போகலாம், பால்கனியில நின்னா கடல், வாடகையும் கையைக் கடிக்கல. "செப்டம்பர் முதல் ஜூன் வரை"ன்னு போட்டிருக்காங்க. ஜூன் முடிஞ்சதும் பேசி நீட்டிச்சுக்கலாம்னு ஒரு நினைப்பு. முன்பணம் அனுப்பிடலாமா? அங்க இருக்கறவங்க சொல்லுங்க.

மூணாவதுமாடி:
இப்போதைக்கு அனுப்பாதீங்க. நானும் என் கணவரும் நெர்ஹாலதான் இருக்கோம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல அந்த ஜூன். நீட்டிக்க மாட்டாங்க. ஜூலை, ஆகஸ்ட்ல அதே வீட்டை வாரக்கணக்குல டூரிஸ்ட்டுக்கு விட்டா வர்ற காசே வேற. வாடகை கையைக் கடிக்காததுக்குக் காரணமும் அதுதான். இந்த மாதிரி ஒப்பந்தத்தை இங்க தெம்போராதான்னு சொல்லுவாங்க, பருவ வாடகை. குடியிருக்கற வீடுன்னு முறையா எழுதின ஒப்பந்தமா இருந்தா, நீங்க விரும்பினா 5 வருஷம் வரைக்கும் இருக்க சட்டத்துல இடம் இருக்கு (சொந்தக்காரர் ஒரு கம்பெனின்னா 7). பியான்சா, அதாவது சட்டப்படியான டெபாசிட், ஒரு மாச வாடகைதான். 2023 சட்டத்துக்கு அப்புறம் ஏஜென்ட் கமிஷனும் வீட்டுக்காரங்க தலையில. பருவ வாடகையில இதெல்லாம் கிடையாது. டெபாசிட்டும் ரெண்டு மாசம். ஏன் எல்லாரும் பருவ வாடகையையே நீட்டறாங்கன்னு இப்போ புரியுதா?

அடுத்தது குளிர். இதை யாரும் சொல்ல மாட்டாங்க. வெளியில ஜனவரி வெயில் அருமையா இருக்கும், சட்டையோட உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். வீட்டுக்குள்ள வந்தா ஸ்வெட்டர் போடணும்! கோடைக்காகக் கட்டின வீடுங்க இது. தரை டைல்ஸ், ஜன்னல் ஒத்தைக் கண்ணாடி, பெரும்பாலும் ஹீட்டிங்கே இருக்காது. எங்க பழைய வீட்டுல பின்பக்க ரூம் அலமாரியில தொங்கின தோல் பை டிசம்பர்ல பச்சைப் பூஞ்சை பிடிச்சுக் கிடந்தது. வீடு பார்க்கப் போனா கடலைப் பார்க்காதீங்க, அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்க. பால்கனி தெற்கு பார்த்ததான்னு கேளுங்க. குளிர்கால வெயில் ஹாலுக்குள்ள வந்துட்டா பாதிச் செலவு மிச்சம்.

ஹீட்டர் வாங்கிக்கலாமேன்னு தோணும். கரண்ட் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் எடுத்திருக்காங்கன்னு முதல்ல கேளுங்க. 3.45ன்னா ஹீட்டர், கெட்டில், ஓவன் மூணும் ஒண்ணா ஓடாது. டப்னு கட் ஆகும், கூடவே வைஃபையும் போகும், மீட்டிங்குல உங்க முகம் அப்படியே உறைஞ்சு நிக்கும். டிஹ்யூமிடிஃபயர், அதாவது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சற மெஷின், ஒண்ணு அவசியம்.

கணக்குப்பிள்ளை:
வீட்டுக் கதை சரி, விசாக் கணக்கையும் பாத்துக்கோங்க. ஸ்பெயினோட குறைந்தபட்ச சம்பளத்துக்கு ரெண்டு மடங்கு வருமானம் காட்டணும். 2025-ல அந்தக் குறைந்தபட்ச சம்பளம் 1,184 யூரோவா இருந்தது, வருஷத்துக்கு 14 தவணை. அதை 12 மாசமாப் பிரிச்சு ரெண்டால பெருக்கினா மாசம் 2,763 யூரோ கிட்ட வரும். வருஷா வருஷம் மாறும், அப்ளை பண்ற வருஷத்துக் கணக்கைப் பிடிங்க. கம்பெனியோட உங்க உறவு 3 மாசமாவது ஆகியிருக்கணும். கான்சுலேட் வழியா போனா 1 வருஷ விசா. ஸ்பெயின்ல சட்டப்படி இருக்கும்போது அங்கிருந்தே போட்டா 3 வருஷம் வரைக்கும் தருவாங்க.

ஒரு காலண்டர் வருஷத்துல 183 நாள் தாண்டினா வரி அங்கதான். பெக்காம் சட்டம்னு ஒண்ணு இருக்கு, வெளிநாட்டுலேருந்து வேலைக்கு வர்றவங்க கேட்டு வாங்கிக்கற வரி முறை: 6 லட்சம் யூரோ வரைக்கும் சம்பளத்துக்கு ஒரே விகிதம், 24%. அதுக்கு அப்ளை பண்ண 6 மாசக் கெடு உண்டு, விட்டா விட்டதுதான். குறைஞ்ச சம்பளக்காரங்களுக்குச் சாதாரண வரியே லாபமா இருக்கலாம், போட்டுப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க.

ராத்திரிஷிப்ட்:
நானும் நியூயார்க் நேரம்தான். அங்க 9 டு 6ன்னா நமக்கு மத்தியானம் 3 டு ராத்திரி 12. காலை முழுக்க உங்களுது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஊர் கூடி உட்கார்ந்து சாப்பிடறது ராத்திரி ஒன்பதுக்கு மேல, அப்போ நீங்க ஹெட்செட்டோட இருப்பீங்க. பழகறதுக்கு ஆள் கிடைக்கறது கஷ்டம். மார்ச்ல அமெரிக்கா கடிகாரத்தை முன்னாடியே மாத்திடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான். நடுவுல அந்த வாரங்கள்ல வித்தியாசம் 5 மணி நேரம்தான், காலண்டர் குழம்பும்.

தெற்குக்காற்று:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா, அப்போ நெர்ஹாவே வேண்டாமா? மாலகா சிட்டியே மேலா?

மூணாவதுமாடி:
அப்படிச் சொல்லலையே! எனக்கு இந்த ஊர் பிடிச்சுத்தான் இருக்கேன். ஆனா நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது, மாலகாவுக்கு பஸ்தான். குடியிருப்பு அட்டை, அதுக்குக் கைரேகைன்னு அரசு ஆபீஸ் வேலை வந்தா அரை நாள் போயிடும். கடலும் நீங்க நினைக்கற மாதிரி வெதுவெதுன்னு இருக்காது. ஜிப்ரால்டர் வழியா அட்லாண்டிக் தண்ணி உள்ள வர்றதால ஆகஸ்ட்லயும் சில நாள் உடம்பு சிலிர்க்கும்.

நான் உங்க இடத்துல இருந்தா நவம்பர்ல வந்து ஒரு மாசத்துக்கு ஏதாவது எடுத்துத் தங்குவேன், மழை பெஞ்ச மறுநாள் வீடு பார்க்கப் போவேன். பீச்சை விட்டு ரெண்டு தெரு உள்ள, உள்ளூர் குடும்பங்க இருக்கற கட்டடமாப் பார்த்துக் கேளுங்க, முழு வருஷத்துக்கு அங்கதான் கிடைக்கும். அந்த முகவரியில எம்பத்ரோனாமியெந்தோ, அதாவது நகராட்சிப் பதிவு, போட வீட்டுக்காரர் சம்மதமான்னு பணம் கொடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. மழுப்பினார்னா அடுத்த வீட்டைப் பாருங்க.