மறு: 'டேம்பிங்' – திமிசு வேண்டாம், அண்டை கொடுக்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு,

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேல்ஸ் மரபு ரயில் கட்டுரைக்கான சொற்பட்டியலில் 'டேம்பிங்' (தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைக்கு அடியில் ஜல்லியை இறுக்குவது) என்ற வரிக்கு எதிரே இப்போது ஏழு சொற்கள் நிற்கின்றன. நான் ஆண்டுதோறும் கோடையில் அப்படி ஒரு சின்னப் பாதைக்குப் போய் ஜல்லி அள்ளிவிட்டு வருகிறவன். கையால் செய்கிற வேலைக்கு வாயில் தமிழ் வரவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அதுதான் தாமதம்.

> 'செறிவூட்டல்' என்றே வைக்கலாமே. கல்லின் செறிவு கூடுகிறது. பொருள் பொருந்துகிறது.

கோவை ஐயா மன்னிக்க வேண்டும். ரேஷன் கடைக்குச் செறிவூட்டப்பட்ட அரிசி வந்த பிறகு இந்தச் சொல் நம் கையை விட்டுப் போய்விட்டது. 'செறிவூட்டப்பட்ட ஜல்லி' என்று எழுதினால் அதில் என்ன சத்து கலந்திருக்கிறது என்று கேட்பார்கள்.

> திமிசு போடுதல். கொத்தனார் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

இது என்னையும் ஒரு நாள் முழுக்க மயக்கிவிட்டது. நல்ல சொல், புழக்கத்தில் இருக்கிற சொல். ஆனால் வேலை வேறு. திமிசு மேலிருந்து கீழே இடிக்கிறது. தரையில் போட்ட மண்ணைக் கெட்டிப்படுத்துகிறது. பாதையில் நடப்பது அது இல்லை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ரயில் ஏறி இறங்க ஸ்லீப்பர் கட்டைகள் அமுங்கும். எல்லாம் ஒரே அளவில் அமுங்கினால் தொல்லை இல்லை. தண்டவாளம் தண்டவாளத்தோடு சேருகிற இணைப்புக்குப் பக்கத்தில் இருப்பவைதான் அதிகம் அடி வாங்கிக் கூடுதலாக இறங்கிவிடும். எங்கள் கேங்கர் (வேலைக் குழுவின் தலைவர்) தண்டவாளத்தின் மேல் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்ப்பார். பள்ளம் எங்கே என்று கையைக் காட்டுவார். அங்கே ஜாக் வைத்துத் தூக்குவோம். கட்டை தண்டவாளத்தோடு சேர்ந்து மேலே வரும், அடியில் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் பக்கவாட்டிலிருந்து கல்லைச் செலுத்த வேண்டும். பீட்டர் என்கிற குந்தாலி போன்ற கருவியின் மொண்டை முனையால் கல்லைக் கட்டைக்கு அடியில் சாய்வாக அடித்து ஏற்றுகிறோம். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கல் மறுபக்கம் பிதுங்கி வெளியே வந்துவிடும். அதனால் கட்டைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று எதிரெதிராக நின்று அடிக்க வேண்டும்.

இன்னொன்று. தண்டவாளம் உட்காருகிற இடத்துக்கு இரு பக்கமும்தான் இப்படி இறுக்குவோம். கட்டையின் நடுப்பகுதியைத் தளர்வாகவே விட்டுவிடுவோம். நடுவில் இறுகிவிட்டால் கட்டை ஏற்றமரம்போல இரண்டு பக்கமும் ஆடும், கடைசியில் நடுவிலேயே முறியும். முதல் நாள் எனக்கு இது தெரியாது. ஆர்வக் கோளாறில் நடுவில் நன்றாகக் கெட்டித்துவிட்டு, அத்தனையையும் மறுபடி தோண்டி எடுத்தேன். 'திமிசு' என்று எழுதினால் படிக்கிறவருக்கும் மனதில் அந்தத் தப்பான படம்தான் வரும்.

சரி, வேறு என்ன சொல்? அப்பாவுக்குப் போன் போட்டேன். மீட்டர் கேஜ் காலத்தில் செங்கோட்டைப் பக்கம் பாதைப் பராமரிப்புக் கேங்மேனாகச் சேர்ந்து, மேட்டாக (கேங்கின் தலைவராக) ஓய்வு பெற்றவர். டேம்பிங்கை அவர்கள் பேக்கிங் என்பார்கள்.

"அப்பா, பேக்கிங் பண்றதுக்குத் தமிழ்ல என்ன சொல்லுவீய?"

"பேக்கிங்குதான்."

"அது இங்கிலீஷ்லா."

"38 வருசமா நாங்க சொல்லியாச்சு, இன்னும் என்னலே இங்கிலீஷு?"

இதற்கு மேல் கேட்டால் போனை வைத்துவிடுவார். கேள்வியை மாற்றினேன். புதிதாகச் சேர்கிற பையனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள் என்றேன். யோசிக்கவே இல்லை:

"கல்லப் போட்டு இடிக்காத, கட்டைக்கு அண்டக் குடுன்னு சொல்லுவேன்."

அண்டை கொடுத்தல். ஆடுகிற கட்டில் காலுக்கும், சரிந்து நிற்கிற பானைக்கும் நாம் கொடுக்கிற அதே அண்டை. மேலே ஒரு பாரம், அடியில் ஒரு சந்து, பக்கத்திலிருந்து எதையாவது செருகி ஆட்டத்தை நிறுத்துவது. பாதையில் நடப்பதும் அச்சாக அதுதான். எனவே என் பரிந்துரை: 'கல் அண்டை கொடுத்தல்'. பெயராக 'கல்லண்டை'.

> 'அண்டை' என்றாலே அண்டை நாடு, அண்டை வீடுதானே நினைவுக்கு வரும்?

டொராண்டோ அக்கா இதைக் கேட்பார்கள் என்று தெரியும். முந்தைய விவாதம் ஒன்றில் 'அணை' என்ற சொல்லுக்கும் இதையேதான் கேட்டார்கள். 'கல்லண்டை' என்று சேர்த்து எழுதும்போது அந்தக் குழப்பம் வராது என்பது என் எண்ணம். ஆனால் டேம்பிங் மெஷினுக்கு 'அண்டை எந்திரம்' என்று வைத்தால் பக்கத்து நாட்டிலிருந்து வந்த எந்திரம்போல இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எந்திரத்தை டேம்பிங் மெஷின் என்றே விட்டுவிடலாம். நம் கட்டுரையில் எந்திரம் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது.

'அணை' என்றதும் நினைவுக்கு வந்தது: அண்டை கொடுத்த பிறகு கட்டையின் ஓரங்களில் கல்லைக் குவித்து வரப்புபோல ஒதுக்குகிற வேலைக்குத் தனிச்சொல் வேண்டும் என்று அக்காவே கேட்டிருந்தார்கள். கரும்புக்கும் வாழைக்கும் மண் அணைக்கிறோம் இல்லையா? 'கல் அணைத்தல்' அப்படியே பொருந்தும். அடியில் இருப்பது கல்லண்டை, ஓரத்தில் இருப்பது கல்லணைப்பு. கட்டைக்கு அடியில் விழும் வெற்றிடத்துக்குப் 'பொக்கை' போதும். கடப்பாரையால் கட்டையைத் தட்டினால் பொக்கையான இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

வெல்ஷ் ஹைலேண்ட் பாதை பற்றிய பத்தியில் ஒரு சின்னத் திருத்தம். 1997 முதல் 2011 வரை, கெர்நார்வனிலிருந்து போர்த்மடோக் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பாதையைக் கட்டம் கட்டமாக மறுபடி போட்டார்கள். அதில் பெரும்பாலும் எஃகு ஸ்லீப்பர்கள். வரைவில் 'எஃகுக் கட்டை' என்று இருக்கிறது. எஃகில் ஏது கட்டை? அது கவிழ்த்துப் போட்ட தொட்டி மாதிரி இருக்கும். அதன் வயிற்றுக்குள் கல் நிறைந்தால்தான் அண்டை பிடிக்கும். 'எஃகு ஸ்லீப்பர்' என்றே எழுதுவோம். 'உறங்குகட்டை' என்று பரிந்துரைத்தவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் டாலிலின் என்கிற வேல்ஸ் ரயில் பாதை பற்றிய பத்தி. (அந்த ஊர்ப்பெயரில் வரும் இரட்டை எல் நம் ல, ள, ழ மூன்றிலும் அடங்காது, நாக்கை 'ல'வுக்கு வைத்துக்கொண்டு வெறும் காற்றை ஊத வேண்டும். டாலிலின் என்றே போகட்டும்.) 1951 மே 14 அன்று தன்னார்வலர்கள் அங்கே முதல் ரயிலை ஓட்டினார்கள். உலகத்திலேயே தன்னார்வலர்கள் கைக்கு வந்த முதல் ரயில் பாதை அது. மூடிப்போன கோரிஸ் பாதையிலிருந்து அவர்கள் வாங்கிவந்த எஞ்சின் ஒன்று அடிக்கடி தடம் புரண்டது. இரண்டு பாதைக்கும் ஒரே அகலம்தான், 2 அடி 3 அங்குலம். ஆனால் டாலிலினில் தண்டவாளங்கள் அந்த அளவைவிடக் கொஞ்சம் விலகியிருந்தன. அந்தப் பாதையின் பழைய எஞ்சின்களுக்குச் சக்கரப் பட்டை (தண்டவாளத்தின் மேல் உருளும் பகுதி) அகலம், அதனால் சமாளித்தன. வந்த எஞ்சினுக்குப் பட்டை குறுகல், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே விழுந்தது.

இதை வரைவில் 'பாதை அளவி விலகல் நிகழ்வு' என்று எழுதியிருக்கிறோம். ஏன்? 'பாதை அகலித்துப் போயிருந்தது' என்றால் யாருக்குப் புரியாது? எல்லாவற்றையும் பெயர்ச்சொல்லாக்கினால்தான் கலைச்சொல் ஆகும் என்று இல்லை.

கடைசியாக 'பெர்மனன்ட் வே', அதாவது தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி எல்லாம் சேர்ந்த தடத்துக்கு ஆங்கிலப் பெயர்.

> 'நிரந்தர வழி' நேரடியாக இருக்கிறது. மாற்ற வேண்டாம்.

நிரந்தர வழி என்றால் எனக்கு வைகுண்டம்தான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததற்கே ஒரு காரணம் உண்டு. பாதை கட்டும்போது மண்ணும் கல்லும் கொண்டுபோக ஒப்பந்தக்காரர்கள் ஒரு தற்காலிகத் தடம் போடுவார்கள். வேலை முடிந்ததும் அதைப் பிரித்துவிட்டுப் போடுவது 'பெர்மனன்ட்'. அந்தத் தற்காலிகத் தடத்தை நம் வாசகர் பார்த்ததும் இல்லை, பார்க்கப் போவதும் இல்லை.

நமக்கு ஏற்கெனவே இருப்புப்பாதை இருக்கிறது. கரும்பு வில் கருப்புவில் ஆவதுபோல, இரும்புப் பாதை இருப்புப்பாதை ஆயிற்று, இலக்கணம் அவ்வளவுதான். ஆனால் 'இருப்பு' என்று காதில் விழும்போது தங்கி இருப்பது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பெயர் வைத்தவர் அதை நினைத்திருக்க மாட்டார், தற்செயல்தான். கிடைத்ததை ஏன் விட வேண்டும்? இருப்புப்பாதை என்றால் ரயில்வே முழுவதும் என்று ஆகிவிடுமே என்ற மதுரை நண்பரின் தயக்கம் நியாயமானது. இருப்புப்பாதைக் காவல் நிலையம் என்று பலகையே இருக்கிறது. அதனால் இப்படிப் பிரிக்கலாம்: உருக்குச் சட்டம் மட்டும் என்றால் தண்டவாளம்; தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, பிணைப்பு எல்லாம் சேர்ந்தது இருப்புத்தடம்; ஊரிலிருந்து ஊருக்குப் போவது இருப்புப்பாதை.

'தன்னார்வத் தொண்டர் பணிக்குழு' என்பதைக் 'கேங்' என்று மாற்றியிருக்கிறேன். வேல்ஸிலும் கேங்தான், செங்கோட்டையிலும் கேங்தான்.

பட்டியலில் இன்று இரவே ஏற்றிவிடுகிறேன். கல்லண்டைக்கு எதிர்ப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலை நான் வேல்ஸுக்குப் பஸ் ஏறிவிடுவேன், அங்கே சிக்னல் கிடைக்காது. அப்பா இன்னும் பேக்கிங் என்றுதான் சொல்கிறார்.