சீனியர் டீச்சர் வகுப்பைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

கேள்வி: புதுப் பள்ளி எச்.எம்.

வணக்கம். பதவி உயர்வில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்திருக்கிறேன். வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். முன்பு இருந்தவர்கள் எழுதியதைப் புரட்டினேன். "கற்பித்தல் நன்று. துணைக்கருவி பயன்படுத்தினால் சிறப்பு. மெல்லக் கற்போர் மீது கூடுதல் கவனம் தேவை." பக்கத்துக்குப் பக்கம் தேதியும் வகுப்பும்தான் மாறுகின்றன.

நாலாம் வகுப்பு டீச்சர் என்னைவிட மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நேற்று அவர் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல். பலகையில் 52 − 27 போட்டு நிதானமாக, அழகாக விளக்கினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. அடுத்து 63 − 48. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் நோட்டை எட்டிப் பார்த்தேன். 25 என்று எழுதியிருந்தான். அவனுக்கு முன்னால் இருந்த இரண்டு பிள்ளைகளும் 25தான். அக்கா பலகையில் 15 என்று விடை போட்டதும் மூன்று பேரும் சத்தமில்லாமல் அழித்துவிட்டு 15 எழுதிக்கொண்டார்கள். நோட்டைத் திருத்தும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும்!

வெளியே வரும்போது "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டார். "அப்புறம் பேசலாம்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது எப்படி ஆரம்பிப்பது? பதிவேட்டில் என்ன எழுதுவது?

பதில்: ஓய்வுபெற்ற பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்)

எங்கள் காலத்தில் ஏ.இ.இ.ஓ. (உதவித் தொடக்கக் கல்வி அலுவலர்) என்பார்கள், பெயர் மாறியதே தவிர வேலை அதேதான். அம்மா, முதலில் பதிவேட்டை மூடி வையுங்கள். பேசுவதற்கு முன் எழுதினால் அது மெமோ மாதிரி ஆகிவிடும். பேச்சையும் நாள் கடத்தாதீர்கள். நாலு நாள் போனால் அந்த வகுப்பு அவருக்கே மறந்துவிடும்.

நன்று, பரவாயில்லை என்று எதுவும் வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "மூணு பிள்ளைங்க 25 எழுதுனாங்கக்கா, அப்புறம் பலகையைப் பார்த்து மாத்திட்டாங்க." அதோடு நிறுத்திவிட்டு, "25 எப்படி வந்திருக்கும்?" என்று கேளுங்கள். அவரே கண்டுபிடிப்பார். 3-இல் 8 போகாது என்றதும் பிள்ளை 8-இல் 3-ஐ எடுத்து 5 போடுகிறது. 6-இல் 4 போக 2. இது கவனக்குறைவு இல்லை. அந்தப் பிள்ளை ஒரு விதி வைத்துக்கொண்டு அதன்படி ஒழுங்காகப் போடுகிறது, விதிதான் தப்பு. பத்துப் பத்தாகக் குச்சியைக் கட்டி, 6 கட்டு 3 உதிரி என்று கையில் கொடுத்து 48 எடுக்கச் சொன்னால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். இதையும் நீங்கள் சொல்லாதீர்கள், அவர் வாயிலிருந்து வரட்டும்.

பதில்: அஞ்சாங்கிளாஸ் டீச்சர்

ஐயா சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடையைக் கையில் வைத்துக்கொண்டு "எப்படி வந்திருக்கும்?" என்று கேட்பதை எங்களை மாதிரி ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவோம். வைவா மாதிரி இருக்கும். தெரிந்ததை நேராகச் சொல்லுங்கள், அதில் மரியாதை குறையாது.

எங்களுக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். வகுப்பைப் பார்வையிட வருகிறவர் வாசலிலேயே போனை எடுத்துவிடுவார். பாடக்குறிப்பு இருக்கா, சுவரில் சார்ட் இருக்கா, ஒரு பிள்ளையை எழுப்பிப் படிக்கவிட்டு, செயலியில் ஆம், இல்லை என்று தட்டிவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிடுவார். என்ன பதிந்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

ஒரே ஒரு பயிற்றுநர் மட்டும் வித்தியாசமாகச் செய்தார். ஒரு தாளில் பெஞ்சுகளை வரைந்து, நான் யாரைக் கேள்வி கேட்டேனோ அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். போகும்போது தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். முன்வரிசை பூராவும் கோடு, ஜன்னல் ஓர வரிசை வெள்ளையாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தாள் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

பதில்: டயட் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) விரிவுரையாளர்

வகுப்பில் நடக்கும் பேச்சைப் பிரித்துக் குறிக்க ஃபிளாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்த பத்து வகைகளை பி.எட். படித்த எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். மூன்று நொடிக்கு ஒரு குறி. ஏழு வகை ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, ஒன்று மௌனம் அல்லது குழப்பம். தேர்வோடு மறந்தும் போனோம். முழுசாக வேண்டாம், ஆனால் டீச்சர் மேலே சொன்ன தாளும் அதே வழிதான்: அபிப்பிராயம் எழுதாமல் நடந்ததை எழுதுவது.

உங்கள் வகுப்பில் எனக்குப் படுவது அந்த "புரிஞ்சுதா?"தான். அதற்கு எந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்லாது. அதற்குப் பதில், பலகையில் விடை போடும் முன் எல்லோரும் ஸ்லேட்டில் எழுதித் தூக்கிக் காட்டட்டும். கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே எழுதியிருக்கிறார்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் பொறுக்கிறார்கள், 3 நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள்.

ஸ்லேட்டு, காத்திருப்பு இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பதிவேட்டில் இரண்டு வரி போதும்: பார்த்தது ஒன்று, இருவரும் பேசி முடிவு செய்தது ஒன்று. அடுத்த முறை போய் அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். போகும் முன் "எதைப் பார்க்கட்டும்க்கா?" என்று அவரையே கேட்டுவிடுங்கள்.

புதுப் பள்ளி எச்.எம்.

எல்லோருக்கும் நன்றி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசினேன். அஞ்சாங்கிளாஸ் டீச்சர் சொன்னபடி நேராகவே சொல்லிவிட்டேன். அக்கா அந்த மூன்று நோட்டையும் எடுத்துவரச் சொல்லி, அழித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபம் எல்லாம் இல்லை. "ஸ்லேட்டு நாளைக்கே பண்ணிடலாம். குச்சிக்கட்டு எல்லாம் ரெண்டாம் வகுப்போட முடிஞ்சுது, நாலாம் வகுப்புல நேரம் எங்க இருக்கு? நீ ஒரு பீரியட் எடுத்துக் காட்டு, நான் பின்னாடி உட்கார்ந்து எழுதுறேன்" என்றார்.

வியாழக்கிழமை இரண்டாவது பீரியட் எடுக்கிறேன். நாற்பது நிமிடத்தில் குச்சியில் ஆரம்பித்துப் பலகைக் கணக்குக்கு வந்து சேர முடியுமா? யாராவது நாலாம் வகுப்பில் செய்து பார்த்திருந்தால் எத்தனை கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.