குளத்தில் தண்ணீர் வந்ததை நான் பார்க்கவில்லை

தெப்பக்குளம் கீழ்க்கரை

கிளைக்குத் தணிக்கை வந்த சமயம். வீட்டில் மாமனார் படுக்கையில். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. இதெல்லாம் எப்படி இருக்கும் என்று இங்கே புனைபெயரில் எழுதுகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருத்துவர் நடக்கச் சொன்னார். விடிகாலை ஐந்தரைக்கு மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். தினமும் நான்கு சுற்று, கையில் செல்போன், அலுவலகக் குழுவில் வந்த செய்திகளுக்குப் பதில். ஒரு மாதம் நடந்தும் நெஞ்சுப் படபடப்பு குறையவில்லை.

ஒருநாள் அருகம்புல் சாறு விற்கிற அம்மா சில்லறை கொடுத்துக்கொண்டே கேட்டார்: "குளத்துக்குத் தண்ணீர் விட்டு எட்டு நாள் ஆகிறது. ஒருநாள்கூட நீ திரும்பிப் பார்க்கவில்லையேம்மா?"

திரும்பினேன். நடு மண்டபத்தின் நிழல் தண்ணீரில் முழுதாக விழுந்திருந்தது. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். என் சிறுவயதில் வறண்டு கிடந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிய குளம். அதில் வைகைத் தண்ணீர் படிக்கட்டு வரை நிற்கிறது. எட்டு நாளாக அதைச் சுற்றியே நான் நடந்திருக்கிறேன். அந்த டம்ளரைப் பிடித்தபடி அழுதுவிட்டேன், ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

இப்போது முதல் இரண்டு சுற்றுக்குச் செல்போன் பைக்குள் இருக்கும். எனக்கு வேறு எந்தப் பயிற்சியும் தெரியாது.

இரவுப்பணி

நான் செவிலியர், கோவை. மருத்துவமனைப் பெயர் வேண்டாம். இரவு மூன்று மணிக்கு மேல் வார்டு கொஞ்சம் அடங்கினால் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஐந்து நிமிடம் உட்காருவேன். நான்கு எண்ணி மூச்சை இழுப்பேன், ஆறு எண்ணி விடுவேன். இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது தணியும். விடுவதை நீட்டச் சொல்வது அதனால்தான்.

ஒருநாள் இரண்டு படி கீழே ஒருவர் வந்து உட்கார்ந்தார். காலடியில் தூக்குச்சட்டி. பன்னிரண்டாம் படுக்கைப் பையனின் அப்பா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சுச் சத்தமும் என்னுடையதோடு சேர்ந்து வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "எத்தனை வரை எண்ணுகிறீர்கள், சிஸ்டர்?" சொன்னேன். இருவருமாக எண்ணினோம். தூக்குச்சட்டியின் பிடியை விரலால் தட்டித் தட்டி அவர் கணக்கு வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த இரண்டு நாள் எனக்கு விடுப்பு. திரும்பி வந்தபோது பன்னிரண்டாம் படுக்கையில் வேறு ஒருவர் இருந்தார். பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். நான் புரட்டவில்லை. மூன்று வருடம் ஆகிறது. ஆறு எண்ணும்போதெல்லாம் அந்தத் தட்டல் காதில் விழுகிறது.

சானடோரியம் நிறுத்தம்

கீழ்க்கரைச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. செல்போன்மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. உங்களை வாட்டியது அலுவலகக் குழு, கருவி அல்ல. தாம்பரத்தில் இறங்க வேண்டிய நான் ஒரு நிறுத்தம் முன்னதாகவே சானடோரியத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறேன். மஸ்கட்டில் இருக்கும் மகள் அனுப்பும் குரல் செய்திகளை அப்போதுதான் கேட்பேன். போன மாதம் ஒன்றில் அவள் பேசவே இல்லை. அரிசி களைகிற சத்தம் மட்டும் ஒரு நிமிடம். என் மனைவி களைகிற அதே வேகம். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மனைவி இறந்து நான்கு வருடம். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்குமா?

இன்னொன்று. பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று இங்கே பலர் தவிக்கிறார்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமான எண் அது. மருத்துவர்கள் கூடி வகுத்த எல்லை அல்ல. ஒரு நிறுத்தத் தூரம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

காலை வெயில்

எனக்கும் தூக்கம் கெட்டிருந்தது. மாலை ஆறு மணி காபியை நிறுத்திய ஐந்தாம் நாள், அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

எல்லோரும் இதைச் செய்து பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி, சராசரியாக ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். காலை எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். உடம்பின் கடிகாரம் அதைக் கொண்டுதான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழுங்கள். மனதில் ஓடுவதைப் படுக்கும் முன் ஒரு தாளில் எழுதி, தாளை வேறு அறையில் வைத்துவிடுங்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கீழ்க்கரை அவர்களே, நான்கு சுற்றையும் செல்போன் இல்லாமல் நடங்கள். செவிலியர் அவர்களே, இரவுப்பணியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இரவுப்பணி

கேட்டாகிவிட்டது, ஐயா. ஆள் இல்லை. எங்களுக்கு விடிகாலை நான்கு மணிக் காபி மருந்து மாதிரி. அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஆனால் படிப்பவர்களில் யாருக்காவது வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், நடையும் மூச்சும் மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஒற்றை இழை

காலை வெயில் அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கீழ்க்கரை ஆலோசனை கேட்கவில்லை. தனக்கு நடந்ததைச் சொன்னார். அதைக் கேட்டுக்கொள்வோமே.

எனக்கு நடந்தது இது. என் கணவருக்கு வேலை போன மறுநாள். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் விடிவதற்குள் வாசல் தெளித்தாக வேண்டும். தெளித்துவிட்டுச் சிக்குக்கோலம் தொடங்கினேன், பதினைந்து புள்ளி, எட்டு வரை, இடைப்புள்ளி. கை அறிந்த கோலம்தான். இழை மட்டும் கூடவில்லை. எங்கோ ஒரு புள்ளியை விட்டிருக்கிறேன். ஈரத்துணியால் துடைத்தேன், திரும்பப் போட்டேன், திரும்பவும் கூடவில்லை. மூன்று முறை. மாவு விரலிடுக்கில் கட்டியாகிவிட்டது.

தலையை நிமிர்த்தினால் பால்காரர் தெருவில் நிற்கிறார். சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி, ஒரு கால் தரையில். எப்போது வந்தார் என்று தெரியாது. மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. அத்தனை வீட்டுக்கும் அவர் ஊற்ற வேண்டும். நான் மறுபடி குனிந்தேன். நான்காவது முறை, தொடங்கிய இடத்துக்கே இழை வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கேனைத் திறந்தார். வழக்கமான அரைப்படியை ஊற்றிவிட்டு, "இன்றைக்குப் பெரிய கோலம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நாங்கள் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டோம். நிற்கச் சொல்லி நான் கேட்கவில்லை, நின்றதற்கு நன்றியும் சொல்லவில்லை. அவர் கறவையை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கோலம் இன்றும் நிற்கவில்லை. அந்த இருபது நிமிடத்தில் வீட்டுக் கவலை எதுவும் எனக்கு ஞாபகம் வருவதில்லை.

தெப்பக்குளம் கீழ்க்கரை

சானடோரியம் ஐயா, நீங்கள் சொன்னது சரி. அலுவலகக் குழுவின் அறிவிப்பொலியை நேற்று அணைத்துவிட்டேன்.

ஒற்றை இழை அக்கா, உங்களுடையதைப் படித்துவிட்டு இன்று அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். மூன்று வருடமாகச் சாறு குடிக்கிறேன், இதுவரை கேட்டதில்லை. சொன்னார். பிறகு என் பெயரைக் கேட்டார்.