ஒரே மெஷின் மூணு லாகின், ஷேர்டு டிரைவ்ல பெர்மிஷன் தொல்லை

ஆல்பம்காரன்:
வணக்கம் மக்களே. எங்க போட்டோ ஸ்டுடியோல ஒரே உபுண்டு (லினக்ஸ்) மெஷின், நான், டிசைன் பண்ற அக்கா, எடிட்டிங் தம்பினு மூணு பேருக்கும் தனித்தனி லாகின். ரெண்டாவதா ஒரு 2 டிபி டிஸ்க் போட்டு இஎக்ஸ்டி4-ங்கிற லினக்ஸ் ஃபார்மேட் பண்ணி வச்சிருக்கேன். அக்கா போடுற ஆல்பம் எனக்கு ஓப்பன் ஆகுது, திருத்தி சேவ் பண்ணா பெர்மிஷன் டினைடு. நேத்து நைட்டு கடுப்பாகி மொத்தத்துக்கும் சிஹெச்மோட் 777 (யார் வேணா எதையும் திருத்தலாம்ங்கிற பெர்மிஷன்) அடிச்சேன், சரியாச்சு, காலைல அக்கா புது ஃபோல்டர் போட்டதும் பழைய குருடி கதவைத் திறடினு ஆயிடுச்சு. முகூர்த்த சீசன் வேற, காப்பாத்துங்க.

டெர்மினல்வாசி:
777 அந்த நேரத்துல உள்ள இருந்ததுக்கு மட்டும்தான் ப்ரோ, நாளைக்கு வர்ற ஃபைலுக்கு அது தெரியாது. குரூப் வழியா போங்க. ஸ்டுடியோனு ஒரு குரூப் போட்டு மூணு பேரையும் அதுல சேருங்க, டிரைவ் மொத்தத்தையும் சிஹெச்ஜிஆர்பி (குரூப்ப மாத்துற கமாண்ட்) வச்சு அந்த குரூப்புக்கு மாத்துங்க, அப்புறம் சிஹெச்மோட்ல ஃபோல்டருக்கு 2775, ஃபைலுக்கு 664 (ஓனரும் குரூப்பும் திருத்தலாம், மத்தவங்க பாக்க மட்டும்), ரெண்டையும் ஃபைண்டு கமாண்ட்ல தனித்தனியா பிரிச்சு அடிங்க. முன்னாடி நிக்குற 2 தான் செட்ஜிஐடி, அது இருந்தா உள்ள யார் எத உருவாக்குனாலும் ஸ்டுடியோ குரூப்லயே பிறக்கும்.

பழையபெங்குயின்:
ஒரு எச்சரிக்கை. ஆள குரூப்ல சேர்க்குற யூசர்மாட் கமாண்ட்ல மைனஸ் ஏ, கேப்பிட்டல் ஜி ரெண்டும் சேர்ந்தே வரணும். ஏ-வ விட்டா ஏற்கெனவே இருந்த குரூப் எல்லாம் போயி புதுசு மட்டும் நிக்கும், சூடோவும் (அட்மின் உரிமை) சேர்ந்து போயிடும். நான் ஒருதடவை அப்படிப் பண்ணிட்டு ரெக்கவரி மோட்ல பூட் பண்ணி ரூட் ஷெல்லுல உக்காந்து திரும்ப சேர்த்தேன்.

ஆல்பம்காரன்:
நல்லவேளை அடிக்கறதுக்கு முன்னாடி படிச்சேன் அண்ணா 😅 எல்லாம் பண்ணியாச்சு, ஆனா இன்னும் டினைடுதான்.

டெர்மினல்வாசி:
மூணு பேரும் லாக் அவுட் பண்ணி மறுபடி உள்ள வாங்க, அதுவரைக்கும் புது குரூப் ஏறாது. ஸ்க்ரீன் லாக் பண்ணி எடுத்தா பத்தாது.

ஆல்பம்காரன்:
ஆமா பழசு எல்லாம் சேவ் ஆகுது! புது ஃபைலுல குரூப் பேரு சரியா ஸ்டுடியோனு காட்டுது, ஆனா குரூப்புக்கு ரைட் (எழுதுற உரிமை) மட்டும் இல்ல.

பழையபெங்குயின்:
அது உமாஸ்க் வேலை, புது ஃபைல் பிறக்கும்போது எந்த பெர்மிஷன வெட்டணும்னு சொல்ற செட்டிங். 022 இருந்தா குரூப்போட ரைட்ட வெட்டிடும். ஆளாளுக்கு அத 002-னு மாத்திட்டு இருக்கறதவிட செட்எஃப்ஏசிஎல் (கூடுதல் பெர்மிஷன் ரூல் வைக்கிற கமாண்ட்)-ல மைனஸ் டி போட்டு ஸ்டுடியோ குரூப்புக்கு டீஃபால்ட் ரூல் வச்சிடுங்க, அங்க உமாஸ்க் பேச்சு எடுபடாது. ஏற்கெனவே இருக்குற சப் ஃபோல்டருக்கும் சேர்த்து அடிங்க.

ஆல்பம்காரன்:
ஓடுது ஓடுது. தம்பி அவன் ஹோம் ஃபோல்டர்லேர்ந்து கட் பண்ணி பேஸ்ட் பண்ணது மட்டும் பழைய குரூப்போடயே வந்து உக்காந்திருக்கு?

டெர்மினல்வாசி:
கட் பண்ணா பழைய குரூப், பெர்மிஷன்னு ஜாதகத்தோடதான் வரும். காப்பி பண்ணச் சொல்லுங்க.