புதுப்பிப்பு: கீழ்முதுகு இறுக்கமும் கைச்சிகிச்சையும், ஆறு வாரங்களுக்குப் பிறகு

இரண்டு ஆண்டுகளாகக் கீழ்முதுகு இறுகிப்போய்க் குனியவே சிரமப்படுவதாகவும், பிசியோதெரபிஸ்ட் கைகளால் அளிக்கும் சிகிச்சை பலன் தருமா என்றும் முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி, சிகிச்சையைத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன.

முதல் நாளில் கேள்விகளே அதிகம். காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, நடந்தால் குறைகிறதா என்று அவர் வற்புறுத்திக் கேட்டார். அப்படியிருந்தால் அது முதுகெலும்பு மூட்டு அழற்சியாக இருக்கக்கூடும் என்பதால், முதலில் மருத்துவரிடம் அனுப்பியிருப்பாராம். எனக்குப் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும்.

பிறகு குப்புறப் படுக்கவைத்து, இடுப்பு முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெதுவாக, சீரான தாளத்தில் அழுத்தி விடுவித்தார். சொடக்குச் சத்தம் வரவேண்டும் என்று நான் எதிர்பார்த்தது தவறு. அது மூட்டுத் திரவத்தில் நிகழும் வாயு மாற்றமே தவிர, விலகிய எலும்பு இடத்தில் பொருந்துவதன் அடையாளம் அன்று.

தளர்வு முதலில் ஒரு நாள்தான் நீடித்தது. அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்யத் தொடங்கிய மூன்றாம் வாரத்திலிருந்துதான் உண்மையான மாற்றம் தெரிந்தது. இப்போது குனிந்து செருப்பு வார் மாட்ட முடிகிறது.

சிலர் பரிந்துரைத்த இடுப்புப் பெல்ட்டை நான் வாங்கவில்லை. நாள்பட்ட முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. கைச்சிகிச்சையையும் உடற்பயிற்சியையும் ஏற்கிறது.

சிறுநீர் கட்டுப்பாடு இழப்போ, தொடையிடுக்கில் மரத்துப்போதலோ இருப்பவர்கள், தயவுசெய்து இதையெல்லாம் முயலாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.